மண்ணுக்குள் ஒலிப்பதும் ஒலிக்காததும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பூமிக்குள் பொற்குடம் புதைந்திருக்கிறது என்ற கதையைக் கேட்காமல் வளர்ந்த கிராமத்துப் பிள்ளை நம்மில் யாரும் இருக்க முடியாது. அமாவாசை இரவில் அந்தக் குடம் தானாகவே நகரும் என்றும், தோண்டப் போனவனிடம் தலைப்பிள்ளையைக் கேட்கும் என்றும் ஆயா சொல்லக் கேட்டு, போர்வைக்குள் ஒளிந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பழைய கதைக்கு விஞ்ஞானம் இன்று ஒரு புதிய கருவியைக் கொடுத்திருக்கிறது. கோயில் வாசலிலும் ரயில் நிலையத்திலும் நம்மைச் சோதிக்கும் மெட்டல் டிடெக்டரின் இனத்தைச் சேர்ந்ததே அது. நீண்ட கைப்பிடி, அதன் முனையில் தட்டுப்போல ஒரு வளையம், காதில் மாட்டிக்கொள்ள ஓர் ஒலிபெருக்கி. இவ்வளவுதான் அதன் தோற்றம். பழைய, ஆளில்லாத இடங்களில் இதை வைத்துத் தேடுவதைப் பல நாடுகளில் பொழுதுபோக்காகவே கொண்டிருக்கிறார்கள். இக்கருவி எவ்வாறு இயங்குகிறது, எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பவற்றை, நான் பட்ட ஓர் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊரின் பழைய வீடுகள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையை நம் கல்லூரி நண்பர்கள் பலரும் அறிவார்கள். இருபுறமும் தொழிற்சாலைகள், அவற்றின் நீண்ட மதில்கள், மூன்று வேளையும் ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்துகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் முதல் கார் வெளிவந்தபோது நான் பிறக்கவில்லை. அதற்கு முன் இங்கே ஏரிப் பாசனமும் மானாவாரி நிலமும்தான் இருந்தன என்பதை அப்பா சொல்லித்தான் அறிவேன்.

இச்சாலையை விட்டு உள்ளே சென்றால் எங்கள் ஊர். நிலங்கள் கைமாறியபின் ஊரின் ஒரு பகுதியார் வேறிடம் பெயர்ந்துவிட்டனர். அவர்கள் விட்டுப்போன வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஓட்டையும் கதவு நிலையையும் கழற்றிச் சென்றுவிட்டதால் மண்சுவர்கள் மழையில் கரைந்து, திண்ணை மட்டும் எஞ்சியிருக்கிறது. அவற்றுள் ஒன்று எங்கள் கொள்ளுத் தாத்தாவின் வீடு. அவ்வீடுகளுக்கு அப்பால் சற்று உயரமாக ஒரு திடல் உண்டு. அதை நத்தமேடு என்பார்கள். அங்கே யாரும் பயிரிட்டதில்லை. மழை பெய்த மறுநாள் போனால் ஓட்டாஞ்சில்லுகள் கழுவிவிட்டாற்போல் கிடக்கும். சிறுவயதில் அவற்றைப் பொறுக்கித்தான் சில்லு விளையாடினோம்.

என் பெரியப்பா மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். சென்ற ஆண்டு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடன் வேறு நின்றது. அந்த நிலையில்தான் அண்ணன் யாரிடமோ பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி வந்தார். "தம்பி, நீ பிசிக்ஸ் படிக்கிறவன். இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துச் சொல்லு. பழைய வீட்டுப் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பினால் வீட்டுக்கு உடனே ஒரு பயன் உண்டு என்று காட்டும் வாய்ப்பு வந்ததாகவே எனக்குத் தோன்றியது. மறுக்க மனம் வரவில்லை.

கருவி இயங்கும் விதம்

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இக்கருவியின் அடிப்படை. கம்பிச்சுருள் ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலத்துக்குள் ஓர் உலோகத் துண்டு வந்தால் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. லென்ஸ் விதிப்படி அவை தம்மை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் வகையில் சிறியதொரு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கின்றன. இந்தச் சிறு புலத்தை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது. மண்ணோ, மட்பாண்டமோ, எலும்போ மின்சாரத்தைப் போதிய அளவு கடத்துவதில்லை. ஆகவே அவை ஒலிப்பதில்லை.

எளிய வகைக் கருவியில் இரண்டு அலையியற்றிகள் இருக்கும். ஒன்றின் அதிர்வெண் நிலையானது. மற்றொன்று தேடும் சுருளோடு இணைக்கப்பட்டது. உலோகம் அருகில் வந்தால் சுருளின் தூண்டல் எண் மாறும்; அதனால் அதிர்வெண்ணும் மாறும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நம் காதில் விம்மல்களாகக் கேட்கும். முதலாண்டில் இசைக்கவைகளை வைத்து நாம் செய்த சோதனையை இங்கே நினைவுகூரலாம். தத்துவம் அதுவேதான்.

புதிய கருவிகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. திரும்பிவரும் சைகையின் கட்டத்தை அளந்து, கிடைத்த பொருள் இரும்பா வேறு உலோகமா என்று பிரித்துச் சொல்கின்றன. துருப்பிடித்த ஆணிகளைத் தோண்டிச் சலித்துப்போன தேடுவோருக்காக, இரும்பு வந்தால் ஒலிக்காமலே இருக்கும்படி செய்யும் ஏற்பாடும் அவற்றில் உண்டு. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆழம் சுருளின் அளவைவிடக் கணிசமாக மிகும்போது, கீழே செல்லும் புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. திரும்பிவரும் புலமும் அவ்வாறே குறைகிறது. ஆக, சைகை தொலைவின் ஆறாம் படிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. ஆழம் இரண்டு மடங்கானால் சைகை 64-ல் ஒரு பங்காகிவிடும். ஒரு நாணயத்தைச் சாதாரணக் கருவி ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் காட்டும். பத்தடி ஆழத்துப் பொற்குடத்தைக் காட்டும் என்று விற்பவர்கள் சொன்னால், இந்த ஆறாம் படியை அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கருவியின் வரலாறு

1881-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். அவர் உடலில் குண்டு இருக்கும் இடத்தைக் கண்டறிய, டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டல் முறையில் ஒரு கருவியைச் செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை, படுக்கையிலிருந்த உலோகக் கம்பிகள் குழப்பிவிட்டன என்று கூறுவர். செப்டம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார். ஆக, உயிர் ஒன்றைக் காக்கும் முயற்சியிலேயே இக்கருவி பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டு ராணுவ அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காட்டும் கருவி, 1942-ல் எல் அலமைன் போர்க்களத்தில் படைகளுக்கு வழி திறந்தது. போருக்குப் பின்னர்தான் இது புதையல் தேடுவோர் கையில் பரவியது.

நாங்கள் கண்டெடுத்தவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நானும் அண்ணனும் பழைய வீடுகளுக்குப் போனோம். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைத்தவை: சோடா மூடிகள், மதுப்புட்டி மூடிகள், மருந்து மாத்திரையின் அலுமினியத் தாள், ஆணிகள். மெல்லிய அலுமினியத் தாளும் சிறிய தங்க மோதிரமும் கருவிக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஒலிக்கும் என்பதை ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர்ந்து கற்றுக்கொண்டோம்.

கொள்ளுத் தாத்தா வீட்டுத் திண்ணையருகே மாட்டு லாடம் ஒன்றும், வண்டியின் கடையாணி ஒன்றும், நடுவில் ஓட்டையுள்ள காலணா ஒன்றும் கிடைத்தன. 1943 முதல் 1947 வரை அச்சிடப்பட்ட காசு அது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆயாவிடம் காட்டினேன். காசை விட்டுவிட்டுக் கடையாணியைத்தான் ஆயா கையில் எடுத்தார். வண்டி எங்கே நிற்கும், மாடுகள் எந்தப் பக்கம் கட்டப்படும், நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத்துக்கு எத்தனை மணிக்குப் புறப்படுவார்கள் என்று அன்று மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தார். நான் அதுவரை கேட்டிராத செய்திகள் அவை.

அண்ணனுக்கு இவற்றில் மனம் நிற்கவில்லை. அடுத்த வாரம் நத்தமேட்டுக்குப் போனோம். பழைய கருவியாதலால் இரும்பை விலக்கும் ஏற்பாடு சரிவர வேலை செய்யவில்லை. ஓரிடத்தில் கருவி கனத்த குரலில் ஒலித்தது. அண்ணன் கடப்பாரையை எடுத்தார். முழ ஆழம் போனதும் மட்பாண்டச் சில்லுகள் வந்தன. உட்புறம் கருப்பும் வெளிப்புறம் சிவப்புமாக வழவழவென்று இருந்தன. அவை ஒலிக்காதவை ஆதலால் மண்ணோடு மண்ணாக வாரி எறிந்தோம். அதன் கீழே நீளமான இரும்பு ஒன்று தெரிந்தது. பிடித்து இழுத்தபோது மூன்றாக முறிந்தது. அண்ணன் முகம் வாடிவிட்டது. "துருப்பிடிச்ச கம்பிக்கா இவ்வளவு பாடு!" என்று கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியிருந்தது வரலாறு அல்ல. கடனுக்கு ஒரு வழி. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மூன்று கேள்விகள்

அந்த இரும்புத் துண்டுகளைத் தாளில் சுற்றி, நம் கல்லூரி வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். "சரியாக எந்த இடத்தில் இருந்தது? எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில்? அதோடு வேறு என்னென்ன இருந்தன?"

முதல் கேள்விக்குக் கையால் திசை காட்டினேன். இரண்டாவதற்கு, "ஒரு முழம் இருக்கும், ஐயா" என்றேன். மூன்றாவதற்கு, "சில்லுகள் இருந்தன, எறிந்துவிட்டோம்" என்று சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "நீ உன் ஆய்வகத்தில் அளவீடு எடுக்கும்போது அட்டவணையில் அலகும் எழுதாமல், எந்தச் சோதனை என்றும் எழுதாமல், ஓர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் உன் ஆசிரியர் மதிப்பெண் போடுவாரா?" என்று மட்டும் கேட்டார். இயற்பியல் மாணவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

நம் மண்ணின் பழமை

அதன்பின் நூலகத்தில் படித்தவையும் பேராசிரியர் சொன்னவையும் என்னைத் திகைக்க வைத்தன. நம் வட்டாரத்தின் பழமை கோயிலோடும் கோட்டையோடும் தொடங்குவதல்ல. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், புவியியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்த ஒரு கல்லில்தான் தொடங்கியது. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்பு குழுவினர் பின்னர் நடத்திய அகழ்வாய்வு, அங்குள்ள கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் வரை பழமையானவை என்று 2011-ல் உலகுக்கு அறிவித்தது.

நம் வாசலுக்கே வருவோம். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்வாய்வு நடத்தியது. ஏறத்தாழ 12,000 ஆண்டுப் பழமையுடையவை என மதிப்பிடப்பட்ட கற்கருவிகள் அங்கே கிடைத்தன. ரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகளும், கண்ணாடி மணிகளும், சிறிய பொன்னணியும் கிடைத்தன. இவற்றுள் பொன் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு மெட்டல் டிடெக்டர் வாய் திறக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கருவியோடு அங்கே போயிருந்தால், ஒரு துளிப் பொன்னை எடுத்துக்கொண்டு, கடல் கடந்த வாணிபத்தையும் கற்கால மனிதனையும் எறிந்துவிட்டு வந்திருப்போம்.

இரும்பின் கதை இதனினும் பெரிது. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950-களின் தொடக்கத்தில் தொல்லியல் துறையினர் தோண்டிய கல்வட்டப் புதைகுழிகளில் இரும்புக் கருவிகளும், நாங்கள் எறிந்தவற்றைப் போன்ற கருப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் ஒருங்கே கிடைத்தன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, தமிழகத்தில் இரும்பின் பழமை கி.மு. 3345 வரை செல்கிறது என்று 2025 ஜனவரி 23-ஆம் நாள் தமிழ்நாடு அரசு அறிக்கை வெளியிட்டது. இந்தக் காலக்கணிப்பு எவ்வாறு கிடைத்தது? இரும்போடு கிடந்த கரித்துண்டு முதலியவற்றைச் சோதித்ததால் கிடைத்தது. கரி ஒலிக்காது. தாழிக்குள் இருந்த நெல்லும் ஒலிக்காது. துருப்பிடித்த இரும்போ தன் வயதைத் தானே சொல்லாது. பக்கத்தில் கிடப்பவைதான் அதற்காகச் சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சிகளைத்தான் நாங்கள் கடப்பாரையால் கலைத்தோம்.

இரும்பை விலக்கும் ஏற்பாட்டை இங்கே நினைவுகூருங்கள். தேடுவோர் குப்பை என்று விலக்கும் இரும்புதான் இந்த மண்ணில் தமிழனின் பெருஞ்செல்வம்.

சட்டம் சொல்வது

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையலே. அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரியவர் எவரும் இல்லையென்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் ஒரு பங்கு நிலத்துக்கு உரியவருக்கும் சேரும். அரசு வேண்டுமென்று கருதினால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்துத் தானே வாங்கிக்கொள்ளலாம். மறைத்தவருக்கோ பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். இவை தவிர, 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதைத் தடுக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் சட்டம் நூறாண்டைக் கடந்த தொல்பொருள்களின் விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது.

நம் மாவட்டத்திலேயே 2020 டிசம்பரில், உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயில் திருப்பணியின்போது கருவறைப் படிக்கட்டின் கீழ் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பொன் நகைகள் கிடைத்தன. தங்கள் கோயில் பொன் தங்கள் கோயிலுக்கே என்று ஊரார் முதலில் தர மறுத்தனர். பேச்சுவார்த்தைக்குப் பின் அது அரசுக் கருவூலத்துக்குச் சென்றது. ஊராரின் மனவருத்தம் நமக்குப் புரியாததல்ல. ஆயினும் எங்கே, எப்படிக் கிடைத்தது என்பது எல்லோர் முன்னிலையிலும் பதிவாகிவிட்டது. இரவோடு இரவாக ஒருவர் எடுத்து உருக்கியிருந்தால் அதுவும் எஞ்சியிராது.

கருவியைக் குறை சொல்லலாமா?

கத்தி வைத்தியன் கையிலும் இருக்கிறது. 1876-ல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னில் செவ்விந்தியருக்கும் ராணுவத்துக்கும் பெரும்போர் நடந்தது. 1984-ல் தொல்லியலார் மெட்டல் டிடெக்டர்களோடு அந்தப் போர்க்களத்தை அடி அடியாகச் சோதித்தனர். ஒலி கேட்ட இடத்தில் முதலில் கொடி நட்டார்கள், இடத்தை அளந்து வரைபடத்தில் குறித்தார்கள், பின்னர்தான் எடுத்தார்கள். தோட்டா உறைகள் கிடந்த இடங்களைக் கொண்டு, யார் எங்கே நின்று எத்திசையில் நகர்ந்து போரிட்டனர் என்பதையே நூறாண்டுக்குப் பின் கண்டுபிடித்தனர். அவர்கள் கையிலிருந்ததும் எங்கள் கையிலிருந்ததும் ஒரே வகைக் கருவிதான். அவர்களிடம் ஒரு கொடியும் ஒரு குறிப்பேடும் கூடுதலாக இருந்தன.

இங்கிலாந்தில் 2009-ல் டெரி ஹெர்பர்ட் என்பவர் உழுத வயல் ஒன்றில் இக்கருவியால் ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலைக் கண்டார். செய்தியை உரியவர்களிடம் தெரிவித்தார்; தொல்லியலார் வந்து முறைப்படி தோண்டினர். 32 லட்சத்து 85 ஆயிரம் பவுன் மதிப்பிடப்பட்டு, அவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொண்டனர். ஆக, தெரிவிப்பவர் இழப்பதில்லை.

முடிவுரை

பேராசிரியர் சொற்படி நானும் அண்ணனும் மீண்டும் நத்தமேட்டுக்குப் போனோம். இம்முறை கருவியைக் கொண்டுபோகவில்லை. எறிந்த சில்லுகளில் அகப்பட்டவற்றை ஒரு பையில் சேர்த்தோம். குழியை மூடி, பக்கத்துப் பனைமரத்திலிருந்தும் ஏரிக்கரை மதகிலிருந்தும் அதன் தூரத்தை நாடா வைத்து அளந்து எழுதினோம். நடந்ததை மறைக்காமல் ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் மனு எழுதி அனுப்பியிருக்கிறோம். அனுமதியின்றித் தோண்டியது தவறு. அன்று எங்களுக்குத் தெரியாது என்பது சமாதானம் ஆகாது. மேட்டின் ஒரு பக்கத்தில் மண் எடுக்கும் லாரிகள் வரத் தொடங்கிவிட்டதால், மனுவுக்கு விரைவில் பதில் வர வேண்டும் என்பதே எங்கள் கவலை.

அண்ணனுக்கு இப்போது வேறிடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கருவியை அவர் விற்கவில்லை. சென்ற நடவின்போது வயலில் கம்மலைத் தொலைத்துவிட்டு அழுத ஓர் அக்காவுக்குச் சேற்றில் தேடி எடுத்துக் கொடுத்தார். அதற்கு ஆறாம் படி இடைஞ்சல் செய்யவில்லை. கம்மல் மேலாகத்தான் கிடந்தது.

நண்பர்களே! நம்மில் பலர் ஊர்களில் இப்படியொரு மேடும், இப்படிச் சில பாழ்வீடுகளும் இருக்கும். நாளை அங்கே ஒரு மதில் எழலாம். அதற்குள் நாம் செய்யக்கூடியது தோண்டுவதல்ல; ஓட்டாஞ்சில்லு எங்கே கிடக்கிறது, மேடு எவ்வளவு நீளம், பெரியவர்கள் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று எழுதி நம் வரலாற்றுத் துறையில் கொடுப்பதாகும். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

அந்த மூன்று இரும்புத் துண்டுகளை இப்போது ஓர் உறையில் இட்டு வைத்திருக்கிறோம். உறையின் மேல் பேராசிரியர் என்னையே எழுதச் சொன்னார். "இடம்: நத்தமேடு, பின்னர் அளந்தது. ஆழம்: ஏறத்தாழ ஒரு முழம். உடன் இருந்தவை: கவனிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.